இந்த டெயில் லைட் எந்தக் காருடையது?

பழைய சாமான்களோடு ஒரு ஜோடி டெயில் லைட் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. உள்ளங்கை அகல வட்டம், கறுப்புப் பெயிண்ட் அடித்த தகட்டு உடம்பு, குரோம் ரிம். ஒன்றில் சிவப்புக் கண்ணாடி, அதன் குறுக்கே ‘ஸ்டாப்’ என்று ஆங்கில எழுத்து. இன்னொன்றில் எழுத்தில்லாத சிவப்பு லென்ஸ். கார் கம்பெனியின் பெயர் எங்கும் இல்லை. கண்ணாடியின் விளிம்பில் அரைகுறையாக ‘டி’, ‘லாம்ப்’, ‘சின்’ என்று மட்டும் படிக்க முடிகிறது. இது எந்தக் கார், எந்த ஆண்டு, ஒரிஜினலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆஃப்டர்மார்க்கெட் விளக்கு, அதாவது கார் கம்பெனிக்காக இல்லாமல் வெளிக்கம்பெனி ஒன்று கடைகளுக்காகச் செய்து விற்ற விளக்கு, எந்தக் காருக்கும் சொந்தமானது அல்ல. 1920களிலும் 30களின் முற்பகுதியிலும் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் பின்னால் ஒரே ஒரு விளக்குதான் வந்தது. இரண்டாவது வேண்டுமென்றால் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். பிரேக் மிதித்தால் எரியும் ஸ்டாப் லைட் இல்லாத வண்டிகளுக்கு அதையும் தனியாகத்தான் வாங்கினார்கள். அப்புறம் லாரி, டிரெய்லர், டிராக்டர், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கு பொருந்த வேண்டும் என்ற தேவை. அதனால்தான் பின்பக்கம் வெறும் ஒரு போல்ட்டோ இரண்டு போல்ட்டோ நீட்டிக்கொண்டிருக்கும் வட்ட விளக்குகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. “எந்தக் கார்?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. “யார் செய்தது, எந்த ஆண்டுக்கு முன்னால் இது இருந்திருக்கவே முடியாது?” என்று கேட்டால் விளக்கே பதில் சொல்லும்.

இன்னொன்று. லென்ஸ் வேறு, உடம்பு வேறு, உள்ளே இருக்கும் பல்ப் ஹோல்டர் வேறு, ஒயர் வேறு. கல் பட்டு உடைவது லென்ஸ்தான். ஐம்பது வருடம் ஓடிய வண்டியில் லென்ஸ் இரண்டு முறை மாறியிருக்கும், ஒயர் மூன்று முறை மாறியிருக்கும். ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வயது பார்க்க வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த வேலைக்கு ஒத்துவராது.

சரி, மேசையில் வைத்துப் பார்ப்போம். ரிம்மின் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகுவதற்கு முன் ஒரு சொட்டு துருநீக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். அவசரப்பட்டுத் திருகினால் தலை உடைந்துவிடும், பிறகு டிரில் போட வேண்டிவரும். ரிம் கழன்றதும் லென்ஸை எடுத்து வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவுங்கள். தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். கண்ணாடி தாங்கும், பிளாஸ்டிக்காக இருந்தால் மேற்பரப்பு வெளுத்து மயிரிழை விரிசல் விட்டுவிடும். உப்புத்தாள் கூடவே கூடாது. தேடும் எழுத்துகள் அரை மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது, ஒரு தேய்ப்பில் போய்விடும். உலோகப் பாகங்களின் உள்பக்கம் மங்கலான மஞ்சள் சாயலில் முலாம் தெரிந்தால் அது காட்மியமாக இருக்கலாம். அதையும் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

கழுவிக் காய்ந்த லென்ஸில் சாக்பீஸ் தூளை விரலால் தடவி, மேலாக ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். புடைப்பெழுத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தூள் தங்கிக்கொள்ளும். பிறகு அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில், கண்ணாடியின் மட்டத்துக்கே தாழ்த்திப் பிடியுங்கள். நேராகப் பார்க்கும்போது வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்து எழும்பி வரும். உட்பக்கத்தையும் இப்படியே பாருங்கள். பல கம்பெனிகள் பெயரை உட்பக்கத்தில்தான் வைத்தன, வெளியிலிருந்து படித்தால் எழுத்து முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கும். உடம்புத் தகட்டில் அடித்த எழுத்து பெயிண்டுக்குள் புதைந்திருந்தால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் வந்துவிடும்.

உங்கள் மூன்று துண்டுகளை எடுத்துக்கொள்வோம். ‘சின்’ என்பது சின்சினாட்டி, ஓஹையோ மாநிலத்து ஊர். ‘லாம்ப்’ என்பது லாம்ப் கம்பெனி. அந்த ஊரில் விளக்குக் கம்பெனி ஒன்று மட்டும் இல்லை. கார்க்ரன்-பிரவுன் அங்கேதான் இருந்தது, கே-டி லாம்ப் கம்பெனியும் அங்கேதான் இருந்தது. முன்னால் ஒரு ‘டி’ தெரிகிறது என்பதால் கே-டி என்பதே பொருந்தும். சாக்பீஸ் தூள் போட்டுப் பார்த்தால் அந்த ‘கே’யின் நிமிர்ந்த கோடாவது தெரிய வேண்டும். கூடவே மாடல் எண் ஒன்றும் இருக்கும். அந்த எண்தான் உங்களுக்குப் பொக்கிஷம், ஆண்டைவிட அதிகம் உதவும். பழைய கேட்லாக்குகளில் அந்த எண்ணைக் கொண்டுதான் தேட முடியும்.

அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கே-டி தவிர ஏரோ, யாங்கி, டோ-ரே, சிக்னல்-ஸ்டாட், குரோட், பீட்டர்சன், டீட்ஸ். இதில் டீட்ஸ் மண்ணெண்ணெய் லாந்தர் காலத்திலிருந்தே விளக்கு செய்த கம்பெனி. ஆக அந்தப் பெயரை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. சிக்னல்-ஸ்டாட் என்றால் பெரும்பாலும் திரும்பும் சிக்னல் சம்பந்தப்பட்டது. டோ-ரே, குரோட், பீட்டர்சன் மூன்றும் லாரி, டிரெய்லர் உலகம். பிரிட்டனில் லூகாஸ், பட்லர்ஸ், ரப்பர் உடம்பு விளக்குகளுக்குப் பெயர்போன ரப்போலைட். ஜெர்மனியில் ஹெல்லா, போஷ். பிரான்சில் மார்ஷால், சிபியே. இத்தாலியில் கரெல்லோ. ஐரோப்பியப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. லூகாஸும் ஹெல்லாவும் கார் கம்பெனிகளுக்கும் கொடுத்தன, கடைகளுக்கும் விற்றன. ஒரே அச்சில் வந்த விளக்கு புதுக் காரிலும் ஏறியது, பெட்டியிலும் போனது. அங்கே ஒரிஜினல், ஆஃப்டர்மார்க்கெட் என்று கோடு கிழிப்பதில் அர்த்தம் குறைவு.

அமெரிக்க விளக்கில் அந்தக் கோடு தெளிவாகவே இருக்கும். ‘கைடு’ என்ற பெயர் இருந்தால் அது ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த விளக்குப் பிரிவு. செவர்லே, பான்டியாக், பியூக், காடிலாக் ஏதோ ஒன்றின் ஒரிஜினல் பாகம். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தும் எண்ணும், கோடு போட்டு இரண்டு இலக்கமும் இருக்கும். அந்தக் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டைச் சொல்லும். சாய்வெழுத்தில் ஃபோர்டு பெயர் இருந்தாலும், பிற்காலத்து ‘ஃபோமோகோ’ இருந்தாலும் அது ஃபோர்டு சப்ளை. அந்த மாதிரி எதுவும் இல்லாமல் விளக்குக் கம்பெனியின் பெயரும் ஒரு மாடல் எண்ணும் மட்டும் இருந்தால் உங்களுடையதைப்போல ஆஃப்டர்மார்க்கெட் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

இனி, அதிகம் பேர் தடுக்கி விழும் இடம். அமெரிக்க லென்ஸ்களில் எஸ்.ஏ.இ. என்று போட்டு, பின்னால் சில எழுத்துகளும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். எஸ்.ஏ.இ. என்பது அங்குள்ள வாகனப் பொறியாளர் சங்கம், 1905இல் தொடங்கியது. எழுத்துகள் அந்த விளக்கு என்னென்ன வேலை செய்யத் தகுதியானது என்று சொல்கின்றன. எஸ் என்றால் ஸ்டாப், டீ (T) என்றால் டெயில், ஏ என்றால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர், ஐ அல்லது டி (D) என்றால் திரும்பும் சிக்னல், ஆர் என்றால் ரிவர்ஸ் லைட், எல் என்றால் நம்பர் பிளேட் லைட். இந்த எழுத்துக் கோவையே விளக்கின் பயோடேட்டா மாதிரி. ஏ, ஐ, எஸ், டீ நான்கும் சேர்ந்திருந்தால் ரிஃப்ளெக்டரோடு மூன்று வேலையும் ஒரே லென்ஸில் முடியும் என்று அர்த்தம்.

கடைசி இரண்டு இலக்கத்தைத்தான் எல்லோரும் தயாரித்த ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 64 என்று இருந்தால், அந்த லென்ஸ் எந்த ஆண்டின் தர விதிக்குப் பொருந்துகிறதோ அந்த ஆண்டு 64. அதே அச்சில் 1972இலும் லென்ஸ் வார்த்திருக்கலாம், எண் மாறாது. ஆக 64 என்றால் 1964க்கு முன்னால் இல்லை, அவ்வளவுதான். கைடு லென்ஸில் இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு, எஸ்.ஏ.இ. லென்ஸில் இரண்டு இலக்கம் விதியின் ஆண்டு. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் குழப்பம். அதே லென்ஸில் டி.ஓ.டி. என்ற மூன்றெழுத்தும் இருந்தால், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விளக்கு விதி 108 நடைமுறைக்கு வந்த 1968 ஜனவரிக்குப் பிறகு வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த முத்திரையோடு ஒருவர் “1950களின் பழைய சரக்கு” என்று விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

காப்புரிமை எண் அடுத்தது. இது எனக்கு மிகவும் பிடித்த தடயம், என்னை ஏமாற்றியதும் இதுதான். அமெரிக்காவில் 1927 வரை பொருளின் மேல் காப்புரிமை பெற்ற தேதியைப் போட்டால் போதும். அந்த ஆண்டு வந்த சட்டத்திருத்தம் எண்ணைப் போடச் சொன்னது. எனவே தேதியாகப் பொறித்திருந்தால் 1920களோ அதற்கு முந்தையதோ என்று யோசிக்கலாம். எண்ணாக இருந்தால் வரிசைப்படி பாருங்கள். 1920 தொடங்கும்போது எண்கள் 13 லட்சத்து 27 ஆயிரத்தை நெருங்கியிருந்தன. 1930 தொடக்கத்தில் 17 லட்சத்து 42 ஆயிரம், 1940இல் 21 லட்சத்து 85 ஆயிரம், 1950இல் ஏறத்தாழ 24 லட்சத்து 93 ஆயிரம், 1960இல் 29 லட்சத்து 19 ஆயிரம். இடைப்பட்டதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எண்ணுக்கு முன்னால் ‘டெஸ்’ அல்லது ‘டிசைன்’ என்று இருந்தால் அது வேறு வரிசை. வடிவத்துக்கு மட்டும் கொடுத்த உரிமை. 1940இல் அது 1 லட்சத்து 18 ஆயிரத்தில் இருந்தது, 1950இல் 1 லட்சத்து 57 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆறு இலக்கம்தானே என்று சாதாரண வரிசையில் தேடினால் கார் பிறப்பதற்கு முன்னால் போய் நிற்பீர்கள். விளக்குக்கு டிசைன் எண்தான் மிகவும் உபயோகம். கூகுள் பேட்டன்ட்ஸில் போட்டால் வரைபடம் அப்படியே வரும், கையில் இருப்பதோடு ஒப்பிட்டுவிடலாம்.

நான் ஏமாந்த கதை இதுதான். 18 லட்சத்தில் தொடங்கும் எண் பொறித்த ஒரு வட்ட விளக்கு கிடைத்தது. கணக்குப் பார்த்தால் 1931. சிறிய காகிதத்தில் 1931 என்று எழுதி நூலால் கட்டி ஒரு வருடம் அலமாரியில் வைத்திருந்தேன். பிறகொரு நாள் லென்ஸ் ரப்பரை மாற்றுவதற்காகத் திறந்தபோது உள்ளே ஹோல்டரைப் பிடித்திருந்த இரண்டு ஸ்க்ரூவின் தலையைக் கவனித்தேன். கூட்டல் குறி போட்ட ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ. கார் தயாரிப்பில் அந்த ஸ்க்ரூ நுழைந்ததே 1936இல், காடிலாக்கில். யாராவது பிற்காலத்தில் மாற்றியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஸ்க்ரூ தலையின் மேலும் சுற்றியுள்ள தகட்டின் மேலும் ஒரே பெயிண்ட் படலம், கொஞ்சமும் உடையாமல் தொடர்ச்சியாக இருந்தது. தொழிற்சாலையிலேயே மாட்டி, அதன்பின் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே போன ஒயரும் பிளாஸ்டிக் உறை போட்டது, ஈயப்பற்று முதல் தடவை வைத்ததுதான். காப்புரிமை எண்ணைத் தேடியெடுத்துப் படித்தேன். அது விளக்குக்கான உரிமையே இல்லை, லென்ஸின் உட்பக்க வரிகளுக்கானது. அன்றைய அமெரிக்கக் காப்புரிமை கொடுத்த நாளிலிருந்து 17 வருடம் செல்லும். 1931இல் வாங்கிய உரிமையை 1948 வரை பெருமையாகப் பொறித்துக்கொண்டே இருக்கலாம். என் விளக்கு போருக்குப் பிந்தையது. காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதிக் கட்டினேன்.

அதிலிருந்து நான் கடைப்பிடிப்பது ஒன்றே ஒன்று. விளக்கில் உள்ள தடயங்களிலேயே எது கடைசியாகப் பிறந்ததோ, மாற்றப்படாதது என்று நிரூபிக்கவும் முடிகிறதோ, அதன் வயதுதான் விளக்கின் வயது. பழமையான தடயம் மனதுக்கு இனிக்கும், ஆனால் அதை மட்டும் வைத்து ஆண்டு சொல்லக் கூடாது.

ஐரோப்பிய விளக்கு என்றால் வேறு முத்திரைகள். வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் இருந்தால் 1958ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கைக்குப் பிந்தையது. எண் எந்த நாடு அங்கீகரித்தது என்று சொல்கிறது. 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 11 பிரிட்டன். செய்த நாடும் அதுவாகவே இருக்க வேண்டும் என்றில்லை. அதற்கு முந்தைய ஜெர்மன் விளக்கில் அலை அலையாக ஒரு கோடும் பக்கத்தில் ‘கே’ எழுத்தும் ஓர் எண்ணும் பார்க்கலாம். டி.ஆர்.பி., டி.ஆர்.ஜி.எம். என்ற சுருக்கங்கள் 1945 வரையிலான ஜெர்மன் காப்புரிமையையும் வடிவ உரிமையையும் குறிப்பவை. நடுவில் உள்ள ‘ஆர்’ மறைந்து ‘பி’ (B) வந்தால் போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனி. இத்தாலிய விளக்கில் ஐ.ஜி.எம். என்ற அங்கீகார முத்திரை இருக்கும், பிரெஞ்சு விளக்கில் எஸ்.ஜி.டி.ஜி. என்ற காப்புரிமைக் குறிப்பு இருக்கும். பிந்தையது 1968 வரை வழக்கில் இருந்தது. லூகாஸ் பொருள்கள் பலவற்றில் மாதமும் வருடமும் சின்ன எண்ணாக உலோகத்தில் அடித்திருப்பார்கள். அது கிடைத்தால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை.

இப்போது பொருளைப் பார்ப்போம். கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதை லென்ஸின் விளிம்பை நகத்தால் தட்டியே சொல்லிவிடலாம். கண்ணாடி ‘டிங்’ என்று கூர்மையாக ஒலிக்கும், தொட்டால் ஜில்லென்று இருக்கும். பிளாஸ்டிக் ‘டப்’ என்று மந்தமாக ஒலிக்கும், தொட்டால் குளிர்ச்சியே தெரியாது. அமெரிக்கக் கார்களில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வேகமாகப் பரவி, 1950களின் நடுவில் கண்ணாடி கிட்டத்தட்ட விடைபெற்றது. ஆனால் லாரி விளக்குகளில் கண்ணாடி அதற்குப் பின்னும் பல வருடம் தொடர்ந்தது. அதனால் பிளாஸ்டிக் என்றால் பெரும்பாலும் போருக்குப் பிந்தையது என்று சொல்லலாம், கண்ணாடி என்றால் முந்தையது என்று சொல்ல முடியாது. ஒருவழிப் பாதை.

நல்ல பழைய சிவப்புக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது தனி ஆனந்தம். செலினியமும் காட்மியமும் சேர்த்து வரவழைத்த சிவப்பு அது, தடிமனான இடத்தில் ஏறக்குறைய கறுப்பாகவும் மெலிந்த இடத்தில் கனிந்த ஆரஞ்சுச் சாயலோடும் இருக்கும். சிறு குமிழ் ஒன்றிரண்டு இருக்கும். விளிம்பில் அச்சின் இரு பாதி சேர்ந்த கோடு ஓடும். ரிம் உட்கார்ந்த இடத்தில் பல்லாண்டு அதிர்ந்து அதிர்ந்து மிக நுண்ணிய செதில்கள் பெயர்ந்திருக்கும். எழுத்தின் மேல் விளிம்பு மணல் அடித்து மழுங்கியிருக்கும், பள்ளம் கூர்மையாகவே இருக்கும். புதிதாக வார்த்த நகல் கண்ணாடியில் இது நேர்மாறு. எழுத்து எல்லா இடத்திலும் ஒரே அளவு மொழுக்கென்று இருக்கும், உட்பக்க வரிகள் உருகிய வெண்ணெய் போலத் தெரியும். பழைய லென்ஸ் ஒன்றை மாதிரியாக வைத்து அச்செடுத்ததால் வரும் மழுக்கம் அது.

‘ஸ்டாப்’ எழுத்துள்ள லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1920களில் பின்னால் ஒரு விளக்கு திடீரென்று பிரகாசமானால் என்ன அர்த்தம் என்று ஓட்டுநர்களுக்குப் பழகியிருக்கவில்லை. அதனால் வார்த்தையையே எழுதிவிட்டார்கள். 1930கள் வரை இது சாதாரணம். பிறகு வழக்கொழிந்தது. ஆனால் பழைய ஃபோர்டுகளை மாற்றிக் கட்டும் ஹாட் ராட் ஆட்களுக்கு அந்த எழுத்து மிகவும் பிடித்துப்போனதால் நகல்கள் ஏராளமாக வந்துவிட்டன. ஆகவே ஸ்டாப் லென்ஸ் கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன் மேலே சொன்ன செதில், மழுக்கம், விளிம்பு எழுத்து மூன்றையும் பாருங்கள். உங்களுடையதில் கம்பெனி பெயர் தேய்ந்துபோய்ப் பாதிதான் படிக்க முடிகிறது என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது. நகல்களில் பெரும்பாலும் அந்த விளிம்பு எழுத்தே இருக்காது.

உடம்பில் பார்க்க வேண்டியது முலாமும் வார்ப்பும். நிக்கல் முலாம் லேசான மஞ்சள் கலந்த வெண்மை, மங்கினால் பனி படர்ந்ததுபோல் இருக்கும். குரோம் நீலச் சாயல். குரோம் கார்களில் பரவியது 1920களின் பிற்பாதியில். பித்தளை ரிம், அதன் மேல் தேய்ந்த நிக்கல், விளிம்பில் பச்சைக் களிம்பு என்றால் அந்தக் காலத்தையோ அதற்கு முன்னாலோ யோசிக்கலாம். துத்தநாகக் கலவையில் வார்த்த உடம்பு தானாகவே விரிசல்விட்டு, உப்பி, பிஸ்கட் போலப் பொடிந்தால் ஆரம்பகால வார்ப்பு. கலவையில் ஈயக் கலப்பு இருந்ததால் வந்த நோய் அது. 1929இல் நியூ ஜெர்சி ஸிங்க் கம்பெனி கொண்டுவந்த ஸாமாக் என்ற சுத்தமான கலவைக்குப் பிறகு அது குறைந்தது. குரோம் இருக்க வேண்டிய இடத்தில் ஆரம்பத்திலிருந்தே பெயிண்ட்தான் இருந்திருக்கிறது என்றால் 1942ஐ நினைத்துக்கொள்ளுங்கள். போருக்காக அந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து அமெரிக்கக் கார்களின் பளபளப்பு வேலைக்குத் தடை வந்தது.

பல்ப் ஹோல்டரில் இரண்டு ஊசிகள் மாட்டும் பள்ளங்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, மேலும் கீழுமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு இழை உள்ள பல்புக்கு ஒரே மட்டம் என்றால் பழைய முறை. பல்பைத் திருப்பிப் போட்டால் டெயிலும் ஸ்டாப்பும் இடம் மாறிவிடும். அந்தத் தொல்லை வராமலிருக்கத்தான் ஊசிகளை ஏற்ற இறக்கமாக வைத்தார்கள். உள்ளே பழைய பல்ப் இருந்தால் தூக்கிப்போடாதீர்கள். அமெரிக்கப் பல்பில் ‘மாஸ்டா’ என்ற பெயர் இருந்தால் 1945க்குள் செய்தது. பல்ப் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது உதவும், ஆனால் பல்ப் மாற்றுவது நிமிட வேலை என்பதால் சாட்சியாக மட்டும் வையுங்கள். பெரும்பாலான அமெரிக்கக் கார்கள் 1953 முதல் 1956க்குள் 12 வோல்ட்டுக்கு மாறின. ஒயரில் பருத்தி நூல் பின்னல் இருந்தால் பழசு. ஆனால் பழுதுபார்ப்பவர்களுக்காக இன்றும் நூல் பின்னிய ஒயர் செய்கிறார்கள்.

பெட்டி இருந்தால் விளக்கைவிட அதைப் பத்திரமாக வையுங்கள். ஊர்ப் பெயருக்குப் பின்னால் ‘சிகாகோ 12’ என்பதுபோல ஒன்றிரண்டு இலக்க எண் இருந்தால் 1943க்கும் 1963க்கும் இடைப்பட்டது. ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1963 ஜூலைக்குப் பிறகு. இவ்வளவு கச்சிதமாகக் காலம் சொல்லும் தடயம் விளக்கின் உடம்பில் அரிதாகத்தான் கிடைக்கும்.

வடிவப் பெயர்களும் தெரிந்திருப்பது தேடுவதற்கு நல்லது. வட்ட வட்டமாக அடுக்கிய கூம்புக் கண்ணாடி ‘பீஹைவ்’, தேன்கூடு. 1939 ஃபோர்டின் கண்ணீர்த்துளி வடிவம் ‘டியர்டிராப்’. 1959 காடிலாக்கின் குண்டு வடிவம் ‘புல்லட்’. ஹார்லி மோட்டார் சைக்கிளில் 1947 முதல் வந்தது கல்லறைக் கல்லைப்போல் இருந்ததால் ‘டூம்ஸ்டோன்’. சிவப்பு லென்ஸின் நடுவில் ஓட்டை போட்டுப் பட்டை தீட்டிய சிறு நீலக் கல் பதித்திருந்தால் ‘புளூ டாட்’. இரவில் தூரத்திலிருந்து பார்த்தால் விளக்கே ஊதா நிறத்தில் தெரியும். அது கடையில் வாங்கிப் பதித்த அலங்காரம், அதை வைத்து விளக்கின் கம்பெனியைச் சொல்ல முடியாது.

உங்கள் ஜோடிக்கு வருகிறேன். முதல் விளக்கு கே-டி கம்பெனியின் ஆஃப்டர்மார்க்கெட் விளக்கு, ஸ்டாப் லென்ஸோடு, 1920களின் கடைசியிலிருந்து 30களுக்குள் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. குரோம் ரிம் அதற்குப் பொருந்துகிறது. ரிம் ஸ்க்ரூவும் ஹோல்டர் ஸ்க்ரூவும் ஒற்றைக் கோடு போட்ட தலையாக இருந்து, உடைபடாத பெயிண்ட் அதன் மேல் இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். இரண்டாவதில் எழுத்தில்லாத லென்ஸ். அதை நகத்தால் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக்காக இருந்து, விளிம்பில் எஸ்.ஏ.இ. கோவையும் இருந்தால் அது பிற்காலத்தில் மாற்றிப் போட்ட லென்ஸ். உடம்பு இரண்டும் ஒன்றா என்பது வேறு கேள்வி. பின்பக்க போல்ட்டின் தடிமன், இரண்டு போல்ட் இருந்தால் மையத்துக்கு மையம் உள்ள தூரம், உடம்பின் ஆழம், ஒயர் நுழையும் ஓட்டையின் இடம் ஆகிய நான்கையும் இரண்டிலும் அளந்து பாருங்கள். நான்கும் ஒத்துப்போனால் பிறப்பிலேயே ஜோடி. போல்ட்டின் மரை அங்குல அளவில் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் நட் சுலபமாக ஏறினால் அந்த உடம்பைச் சந்தேகப்படுங்கள்.

மாற்று லென்ஸ் தேடும்போது கண்ணாடியின் வெளிவிட்டத்தை மட்டும் அளந்தால் போதாது. ரிம்முக்குள் உட்காரும் விளிம்பின் தடிமனையும், லென்ஸ் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். ஒரே விட்டத்தில் மூன்று நான்கு கம்பெனி லென்ஸ்கள் உண்டு, விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தடித்திருந்தாலும் ரிம் ஸ்க்ரூவை இறுக்கும்போது கண்ணாடி விரிசல்விடும். சீயர்ஸ், மான்ட்கோமரி வார்டு, வெஸ்டர்ன் ஆட்டோ, ஜே.சி. விட்னி ஆகியோரின் பழைய கேட்லாக் பக்கங்கள் ஸ்கேன் செய்து கிடைக்கின்றன. அட்டையில் ஆண்டு இருப்பதால் மாடல் எண்ணையோ படத்தையோ அங்கே கண்டுபிடித்துவிட்டால், விளக்கு அந்த ஆண்டில் விற்பனையில் இருந்தது என்பதற்கு நேரடி ஆதாரம். சாக்பீஸ் தூள் போட்ட பிறகு விளிம்பு எழுத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். ஹோல்டரின் உள்பக்கமும் அந்த ஸ்க்ரூ தலைகளும் படத்தில் இருக்கட்டும்.